போணி டம்ளர்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி வாருங்கள். தாம்பாளத்தை ஸ்டூல் மேல் வையுங்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், எல்லாம் முறையாகத்தான் கொண்டுவந்திருக்கிறீர்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கட்டட ஓனரா? சொல்லியிருப்பார். அவருக்கு என்னைப் பற்றித் தெரியும்.

பிளாஸ்க்கும் இருக்கிறதே. சாம்பிளா? இருக்கட்டும், அதையும் பக்கத்தில் வையுங்கள். குடிக்கிறேன், அவசரமில்லை. பிளாஸ்க்கில் இருப்பது எங்கே போய்விடப் போகிறது.

நாளை மறுநாள் காபிக் கடை திறப்பு, முதல் டம்ளர் என் கையால் போணி ஆக வேண்டும் என்கிறீர்கள். சந்தோஷம். மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. இந்த உறையூரில் இதுவரை பதினான்கு கடைகளுக்கு நான் போணி செய்திருக்கிறேன். பதினொன்று இன்னும் நடக்கின்றன. மூடிய மூன்றில் ஒன்றை ரோடு அகலப்படுத்த இடித்தார்கள். இன்னொன்றில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. இரண்டுக்கும் என் கை என்ன செய்யும்? மூன்றாவது, இப்போது நீங்கள் பிடித்திருக்கும் இடம். கலியமூர்த்தி கடை. அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் தாம்பாளத்தை என் கையில் தர வேண்டும். என் மேல் தப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

கோமதி, தம்பிக்குத் தண்ணீர் கொண்டு வா. என் மனைவி. அவள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவன். முப்பத்தொரு வருஷம். என் பெயர் சுந்தரேசன் என்பது இந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஈ.பி. சார் என்றால்தான் தெரியும். கலியமூர்த்தி கடை திறந்த அன்றைக்கு நான் போனது காபி குடிக்க இல்லை. புது மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். விடிந்தும் விடியாமல் ஒரு மனுஷன் பித்தளை பில்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே அவர் மனைவி சந்திரா. திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஊரில் யாரையும் தெரியாது. "சார், ஒரு காபி சாப்பிட்டுப் போங்க" என்றார். நான் காசை முதலில் வைத்தேன், அப்புறம் குடித்தேன், "நல்லா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. பத்து மணிக்குள் இரண்டு கேன் பால் தீர்ந்து மூன்றாவதுக்கு ஆள் ஓடியதாம். மறுநாள் நான் அந்தப் பக்கம் போகும்போது கடைக்கு வெளியே வந்து கும்பிட்டுக் கூப்பிட்டார்.

நீங்களும் வியாபாரத்துக்கு வந்துவிட்டீர்கள், போணிக்கு என்ன முறை என்று தெரிந்துகொள்ளுங்கள். காசை முதலில் கொடுத்துவிட வேண்டும். வலது கையால் வாங்க வேண்டும். டம்ளரில் மிச்சம் வைக்கக் கூடாது. முக்கியமானது, குற்றம் சொல்லக் கூடாது. போணி வாய் என்ன சொல்கிறதோ அதுதான் அன்றைக்குக் கடை முழுக்க. ஒரு தடவை நான் பழனிக்குப் போயிருந்தேன். யாரோ ஜவுளிக்கடைக்காரர் முதல் டம்ளரை வாங்கிவிட்டு "டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியா இருக்கே" என்று சொல்லிவிட்டார். பத்து மணிக்குப் பால் திரிந்தது. மத்தியானம் ஸ்டவ் பம்ப் வெடித்தது. அன்றிலிருந்து, நான் வந்து குடித்து, நல்லா இருக்கு என்று சொன்ன பிறகுதான் ஷட்டர் முழுசாக மேலே போகும். நான் வரும்வரை பாதி ஷட்டர். வெளியே நாலு பேர் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், "ஈ.பி. சார் வந்தாச்சா" என்று.

எனக்குக் காய்ச்சல் என்று படுத்த இரண்டு தடவையும் கலியமூர்த்தி டபராவை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்று நான் குடித்து முடித்து வார்த்தை சொல்லும்வரை போகவில்லை. கோமதி அப்போதே சொன்னாள்: "உங்க வாயை அங்க வாடகைக்கு விட்டாச்சு." சொல்லிவிட்டுப் போகட்டும். எத்தனை பேருக்கு இந்த மரியாதை கிடைக்கும்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தம்பி, காலையில் ஐந்து மணிக்கு ஒரு இடத்தில் நமக்காக ஷட்டரைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால், அதுவும் ஒரு உத்தியோகம்தான்.

காபி நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. புதனும் சனியும் கொல்லையில் டிரம்மைச் சுற்றி அவரே கொட்டை வறுப்பார். நிறத்தைப் பார்க்க மாட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார், திடீரென்று இறக்கிவிடுவார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "கலரைப் பார்த்தா ஏமாந்துருவோம் சார். வாசனை ஒரு இடத்துல திரும்பும். அங்க இறக்கிடணும்" என்றார். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் இறக்கினார்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் வந்ததே, இரண்டாவது அலை, அதுதான். கலியமூர்த்தி பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. ஆடியில் திறந்தார். ஆள் பாதியாகிவிட்டார், ஆனாலும் நின்றார். நான் போனேன், காசை வைத்தேன், வாங்கினேன். ஒரு வாய் குடித்தேன்.

கருகல்.

லேசாக இல்லை. அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி. பாலிலும் அடிப்பிடித்த வாடை. புதுசாக ஏதோ கொட்டை வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார், "எப்படி சார் இருக்கு?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும் தம்பி. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு நாள்கூட எப்படி இருக்கு என்று கேட்டதில்லை. நானாகச் சொல்வேன், அவர் தலையை ஆட்டுவார். அன்றைக்குக் கேட்டார். மறுநாளும் கேட்டார். தினமும் கேட்டார். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார், நான் விழுங்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சாவின் வாசல்வரை போய் வந்தவருக்கு மனுஷனுடைய அருமை தெரிகிறது, நம் வார்த்தைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னேன். கோமதி, "அது இருக்கட்டும், காபி எப்படி?" என்றாள். அவளுக்குச் சொம்பில் வாங்கி வந்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வாசலில் ஊற்றினாள். "போய் அந்த மனுஷன்கிட்டச் சொல்லுங்க" என்றாள். போணிக்காரன் எப்படிச் சொல்வது? "அப்ப நான் போய்ச் சொல்றேன்" என்று செருப்பைப் போட்டாள். நான் நிறுத்திவிட்டேன். போணிக்காரன் வீட்டிலிருந்து ஒருத்தி போய்க் குறை சொன்னால் அது நான் சொன்னதாகத்தானே கணக்கு?

தெருவில் எல்லாரும் வந்து என்னிடம்தான் சொன்னார்கள். ஆட்டோ சவரிமுத்து, டயர் எரிந்த மாதிரி இருக்கிறது என்றார். தையல்கடை பஷீர் பாய் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டார். "முன்ன மாதிரி இல்லைங்க சார்" என்றார், அவர் வாயிலிருந்து அது பெரிய வசவு. அருணகிரி வாத்தியார் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழை திருத்துகிறவர். அவர், "இது காபி இல்லை, கரி. ஆனா உடம்பு சரியில்லாம எழுந்து வந்தவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? நீங்கதான் முதல் டம்ளர், நீங்க சொல்லுங்க" என்றார். சவரிமுத்துவுக்கு, கலியமூர்த்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆக்ஸிஜனுக்கு அலைந்த பாசம். பஷீர் பாய்க்குக் கடைக்கு அட்வான்ஸ் பேசி முடித்துக்கொடுத்தவரே கலியமூர்த்தி. ஆளுக்கு ஒரு காரணம். நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க என்று எல்லாரும் என் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சொல்லவில்லை, ஆனால் வருவதை நிறுத்தினார்கள். சும்மா நிறுத்த முடியாதே, தினமும் கடை முன்னால்தானே நடக்க வேண்டும். ஒருவருக்கு டாக்டர் காபி கூடாது என்றுவிட்டார். இன்னொருவருக்கு வயிறு. இன்னொருவர் பிரதோஷத்துக்கு விரதம் ஆரம்பித்து விடவே இல்லை. ஒரு நாள் கலியமூர்த்தி என்னிடம், "என்ன சார், தெரு பூரா அல்சர் வந்துருச்சு போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பால் நாலு கேனிலிருந்து இரண்டாயிற்று. தீபாவளிக்குள் ஒன்று.

இதற்கு நடுவில் அவர் மகள், ஓசூரில் இருக்கிறாள், புவனா, அவள் போனில் எதையோ பார்த்துவிட்டு அப்பாவுக்கு அனுப்பினாள். இப்போதுதான் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிறார்களே. கலியமூர்த்தி காலையில் அதை என்னிடம் காட்டினார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். "ஒரு காலத்தில் நன்றாக இருந்தது. இப்போது கருகல் வாடை. ஓனர் நல்ல மனிதர். இரண்டு நட்சத்திரம்." இன்னொன்று, "பாலைக் கொஞ்சம் கவனிக்கவும்." இன்னொன்று, நான் சொல்ல வேண்டாம், பிழையே இல்லாமல் எழுதியிருந்தது, கால் புள்ளி அரைப் புள்ளியெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாதா? நேரில் அல்சர், அங்கே ஒரு நட்சத்திரம்.

"யாரு சார் இவங்க? நிஜமாவே வாடை அடிக்குதா?" என்று கேட்டார். கையில் முதல் டம்ளர். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இந்த நேரத்தில் என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? முகம் காட்டாதவன் பேச்சுக்கு என்ன மதிப்பு, முக்கில் மிஷின் காபி போட்டிருக்கிறானே, அவன் ஆள் வைத்து எழுதுகிறான் என்றேன். அந்த மிஷின்காரன் பாவம், அவனுக்கு எழுதவே தெரியாது. ஆனாலும் அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

அதோடு நிற்கவில்லை நான். வீட்டுக்கு வந்து என் போனில், ஒற்றை விரலால், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். "இருபத்திரண்டு வருடமாக தினமும் முதல் டம்ளர் குடிக்கிறேன். அன்றைக்கு இருந்த அதே சுவை இன்றைக்கும். ஈ.பி. சுந்தரேசன்." ஐந்து நட்சத்திரம். நான் பெயரைப் போட்டு எழுதினேன் தம்பி, மற்றவர்களைப் போல ஒளிந்துகொண்டு இல்லை. புவனா அதைப் பார்த்து அப்பாவிடம் சொல்லி, அவர் அதைத் தாளில் எடுத்து, லாமினேட் பண்ணி, கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். கடையைச் சுத்தம் பண்ணும்போது நீங்கள் பார்த்திருப்பீர்களே. இருக்கிறதா இன்னும்? எடுத்துவிட்டீர்களா? சரி, சரி. வெள்ளையடிக்கும்போது எடுக்கத்தான் வேண்டும்.

அந்தத் தாள் மாட்டிய வாரம்தான் சந்திரா இங்கே வந்தாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். கோமதி மோர் கொடுத்தாள், குடிக்கவில்லை.  பிறகு சொன்னாள்.

"அவருக்கு வாசனையே தெரியலைங்க சார். காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு செத்துப்போச்சு. அடுப்புல பால் தீயுது, பக்கத்துலயே நிக்கிறாரு, தெரியலை. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு. மோந்து பாக்கத் தெரியாதவன் போடற காபியை எவன் குடிப்பான்னு."

நாக்குக்குத் தெரியாதா என்று கேட்டேன். கசப்பு தெரிகிறதாம், இனிப்பு தெரிகிறதாம். காபி என்றால் கசக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறாராம்.

"நான் சொன்னேன் சார், கொட்டை கருகுதுன்னு. நீ பிறந்ததுலேர்ந்து கஞ்சி குடிச்சு வளர்ந்தவ, உனக்குக் காபியைப் பத்தி என்ன தெரியும்ங்கறாரு. சார் நல்லா இருக்குன்னு சொன்னாரே, எழுதியே குடுத்தாரேங்கறாரு. காலைல நீங்க சொல்றதை வச்சுத்தான் அன்னிக்கு டிகாக்‌ஷனை ஊத்துறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அதைக் கொட்டிட்டு வேற போடுவாரு. பட்டுக்கோட்டைல என் தம்பி இருக்கான், காபிக் கொட்டைக் கடையிலதான் வேலை, கூப்பிட்டா நாளைக்கே வந்து வறுவலைப் பாத்துக்குவான். அவர் கூப்பிட மாட்டேங்கறாரு. எதுக்குங்கறாரு. நீங்க சொல்லுங்க சார். நாளைக்கே சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் போன பிறகு கோமதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதுவரை, கேட்கிறார், கேட்கிறார் என்று நான் பூரித்துப்போய் இருந்தேனே, அவர் எதற்காகக் கேட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டதிலும் தப்பில்லை. மரியாதையும் இருக்கும்தானே அதில்?

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் டம்ளரில்தானே குற்றம் சொல்லக் கூடாது? இரண்டாவதில் சொல்லலாம். அதனால் சவரிமுத்துவிடம் பேசினேன். நாளைக்கு எனக்கு முன்னால் போய் நீ போணி பண்ணிவிடு, வேறு எதுவும் பேசாமல் நல்லா இருக்கு என்று மட்டும் சொல், நான் பின்னால் வந்து இரண்டாவது டம்ளரை வாங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நல்ல திட்டமா இல்லையா? சவரிமுத்துவும் சரி என்று நாலே முக்காலுக்கே போய் நின்றார். நான் ஐந்தேகாலுக்குப் போகிறேன், பாதி ஷட்டருக்கு வெளியே அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். "ஊத்த மாட்டேங்கறாரு சார். ஏர்போர்ட் சவாரி இருக்கு, அவசரம்னேன். சார் வரட்டும்னுட்டாரு. சவாரியும் போச்சு" என்றார்.

நான் உள்ளே குனிந்து போனேன். கலியமூர்த்தி டம்ளரை நீட்டினார். கிரைண்டர் பக்கத்தில் சந்திரா, கையில் துணியோடு நின்றுவிட்டாள். வெளியே சவரிமுத்துவும் குனிந்து பார்க்கிறார். ஒரு வாய் குடித்தேன். அன்றைக்கு ரொம்ப மோசம். "எப்படி சார்?" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்து நிற்கிற மாதிரி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வார்த்தை சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தம்பி இது. நான் திறந்தேன், அது தானாக வந்தது.

"நல்லா இருக்கு."

சந்திரா துணியைக் கிரைண்டர் மேல் போட்டாள். தொட்டிக்குப் போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். காலையில் ஐந்தேகாலுக்குக் கழுவ அங்கே அழுக்கு டம்ளர் ஏது? என்னுடையது ஒன்றுதான் பாக்கி, அதுவும் என் கையில். சுத்தமாக இருந்ததையே எடுத்து எடுத்துக் கழுவினாள். அந்தச் சத்தம் கொஞ்ச தூரம் என்கூட வந்தது.

அப்புறம் எப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கோமதியும் இதைத்தான் தினமும் சொன்னாள். சாயங்காலம் போய்ச் சொல்லுங்க, அப்ப ஏது போணி என்று. போனேன். சும்மா சொல்லக் கூடாது, போனேன். மாசிக் கடைசி. கடையில் ஒரு ஆள் இல்லை. கலியமூர்த்தி உள்ளங்கையில் காபித்தூளை வைத்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். மூக்கு நுனியில் தூள் ஒட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார்.  பிறகு கேட்டார்.

"சார், இப்ப போணி கிடையாது. பொழுது சாயப் போகுது. இப்ப நீங்க எது சொன்னாலும் கடைக்கு ஒன்னும் ஆகாது. மனசுல உள்ளதைச் சொல்லுங்க. காபியில தப்பு இருக்கா? இருக்குன்னா பட்டுக்கோட்டைலேர்ந்து மச்சினனைக் கூப்பிட்டுக்கறேன். வறுவலை அவன்கிட்ட விட்டுட்டு நான் கல்லாவுல உக்காந்துக்கறேன். எனக்கு அதுல ஒரு வெக்கமும் இல்லை."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் கேட்க முடியாது. எனக்கும் தெரியும். ஆனால் தலையைத் தூக்கினால் எதிரே அந்த லாமினேட் தாள். அன்றைக்கு இருந்த அதே சுவை இன்றைக்கும், ஈ.பி. சுந்தரேசன். இப்போது நான் தப்பு இருக்கிறது என்று சொன்னால், எட்டு மாதமாகத் தினமும் சொன்னது என்ன? எழுதிக்கொடுத்தது என்ன? அவர் யாரை நம்புவார் அப்புறம்? நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை தம்பி, சத்தியமாக இல்லை. அவர் மனசு உடைந்துவிடுமே என்றுதான் நினைத்தேன். உடம்பு தேறி இப்போதுதான் எழுந்திருக்கிறார்.

"உங்க கைக்கு என்ன குறை கலியமூர்த்தி" என்றேன்.

"குறை இல்லைங்கறீங்க."

"இல்லை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், பழைய மாதிரி, அவர் கேட்காமலே நான் நல்லா இருக்கு என்று சொல்கிற காலத்தில் ஆட்டுவாரே, அப்படி. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

"அப்பச் சரி சார். காபியில தப்பு இருந்தா திருத்தலாம். காபி சரியா இருந்தும் சனங்க வரலைன்னா, அதுக்கு நாம என்ன பண்ண முடியும். நேரம் முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்றார்.

நான்கு நாள் கழித்து ஐந்தேகாலுக்குப் போகிறேன், ஷட்டர் முழுசாகக் கீழே இருக்கிறது. அந்தக் காய்ச்சல் மாதங்களை விட்டால், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் குனிந்து பார்த்தேன், பூட்டு. பக்கத்து வாசலில் சந்திரா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டுக்கு, ஓசூருக்குப் போகிறார்களாம். கலியமூர்த்தி வேன் பேசப் போயிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு டபரா டம்ளரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் தினமும் குடிக்கிற அதே டம்ளர், விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். காலி டம்ளர். "இது உங்களுதுதான் சார், வேற யாரும் இதுல குடிச்சதில்லை" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போய்விட்டாள். எவ்வளவு மரியாதை பாருங்கள். வீட்டையே காலி பண்ணுகிற நேரத்தில்.

கோமதி அதை மரியாதை இல்லை என்கிறாள். அவள் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் பார்ப்பாள். அந்த டம்ளரை இந்த வீட்டில் அவள் தொடுவதில்லை. நான்தான் கழுவி வைத்துக்கொள்கிறேன்.

கலியமூர்த்தி ஏன் அப்படித் திடீரென்று மூடினார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான் ஒரு குறைகூடச் சொல்லவில்லையே. போன் பண்ணிப் பார்த்தேன். முதல் தடவை எடுத்து, "நல்லா இருக்கேன் சார்" என்றார். இரண்டாவது தடவை சந்திரா எடுத்தாள். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. தெருக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஈ.பி. சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடை நின்றிருக்கும் என்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வாய் இல்லையா? அருணகிரி வாத்தியாருக்கு இல்லாத வாயா? எல்லாரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளிவிட்டு, இப்போது நான் பேசவில்லை என்கிறார்கள். முதல் டம்ளர்க்காரனால் எதைப் பேச முடியும் என்று அவர்கள் யோசித்ததே இல்லை.

அவ்வளவுதான் கதை. இதைக் கேட்ட பிறகும் தாம்பாளத்தை என் கையில் கொடுக்க உங்களுக்குச் சம்மதம் என்றால், நாளை மறுநாள் ஐந்தேகாலுக்கு அங்கே இருப்பேன். குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு வருவேன். அந்த டம்ளரையே கொண்டுவருகிறேன், ராசியான டம்ளர்.

எங்கே, அந்தப் பிளாஸ்க்கைத் திறங்கள். ஊற்றுங்கள். இந்த மூடியிலேயே ஊற்றுங்கள், பாதகமில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நீங்கள் இன்னும் கடை திறக்கவில்லை, போணியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்வேன். பயப்படாமல் கேட்கலாம்.

ம்.

நல்லா இருக்கு தம்பி.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்? நிஜமாகத்தான் சொல்கிறேன். டிகாக்‌ஷன் திக்காக இருக்கிறது, சூடும் இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் கைக்கு என்ன குறை?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எங்கே? அது சமையலறை தம்பி. அங்கே கோமதிதான் இருக்கிறாள். அவளிடம் எதற்கு? அவள் கைக்கு ராசியும் கிடையாது ஒன்றும் கிடையாது. அவள் பாட்டுக்கு எதையாவது சொல்லிவைப்பாள், நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வீர்கள்.

கோமதி, ஒரு வாய் போதும், முழுசாகக் குடிக்காதே. என்ன சொல்கிறாய் அவரிடம்? எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லேன்.

தம்பி. தாம்பாளம் இங்கேதானே இருக்கிறது?